நகையை அடகு வைத்துப் புத்தகம் வாங்கிய தலைமை ஆசிரியர்

ஏப்ரல் 14 வந்தால் நம் தெருக்களில் நீலக்கொடி பறக்கிறது. அண்ணல் படத்துக்கு மாலை போடுகிறோம், பிள்ளைகளுக்கு நோட்டும் பேனாவும் கொடுக்கிறோம். மேடை ஏறுகிறவர்கள் அவருடைய படிப்பைப் பற்றிப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் பரோடா மன்னர் தவறாமல் வருவார். அன்பு காட்டிய ஆசிரியர் ஒருவரும் வருவார். ஆனால் பிப்ரவரி 2ஆம் தேதி நமக்குத் தெரிந்த ஊர்களில் சத்தமில்லாமல் கடந்து போகிறது. 1913இல் அந்த நாளில் பம்பாயில் கண்ணை மூடியவர் ராம்ஜி மாலோஜி சக்பால். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பாபாசாகேபின் அப்பா.

ராணுவத்தில் சுபேதார் என்று சொல்லிச் சொல்லி, அவரைத் துப்பாக்கியோடு மட்டுமே நினைத்துப் பழகிவிட்டோம். அவர் கையில் அதிக நாள் இருந்தது சாக்குக்கட்டி. ஆங்கிலேயர் படையில் சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் இருந்தன. ஊர்ப் பள்ளிக்கூடம் கதவைச் சாத்திய காலத்தில் மகார் குடும்பங்களுக்குள் எழுத்து நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. ராம்ஜி புனேயில் ஆசிரியர் பயிற்சி பெற்று, ராணுவப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்தார். மோவ் ராணுவக் குடியிருப்பில் 1891இல் அவருடைய பதினான்காவது பிள்ளையாகப் பிறந்தவர்தான் பீமராவ்.

ஆக, அண்ணல் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. முதலில் எழுத்துப் படித்தவர் அல்ல. அரசரின் உதவித்தொகை வருவதற்கு வெகுநாள் முன்பே, நம்மவர் ஒருவர் அந்த வீட்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நாம் மேடையில் விட்டுவிடுவது இதைத்தான்.

மகார்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியபோது, அதை எதிர்த்து மனு கொடுக்க ராம்ஜி ஓடினார். நீதிபதி ரானடேயின் உதவியோடு மனு எழுதப்பட்டது. பலன் கிடைக்கவில்லை. பிறகு சொற்ப ஓய்வூதியத்தோடு கொங்கணத்துத் தாபோலிக்கும், அங்கிருந்து சதாராவுக்கும் குடிபெயர்ந்தார். சதாராவில் மனைவி பீமாபாய் இறந்துபோனார். பிள்ளைகளை அத்தை மீராபாய் வளர்த்தார். அங்கேதான் பள்ளிக்கூடத்தில் பீமராவ் தனியாகச் சாக்கு விரித்து உட்கார்ந்தது. பியூன் குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர், இல்லாவிட்டால் தாகம். எத்தனையோ பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பாடம் சொன்ன ஒரு தலைமை ஆசிரியரின் மகனுக்கு இந்த நிலைமை.

1901இல் நடந்ததை அண்ணலே எழுதியிருக்கிறார். பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த மக்களுக்கு வேலை கொடுக்க, சதாரா மாவட்டம் கோரேகாவில் அரசு ஒரு ஏரி வெட்டியது. அங்கே ராம்ஜி காசாளர். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை வரச்சொன்னார். பீமராவ், அண்ணன், இறந்துபோன அக்காவின் இரண்டு பையன்கள் என நாலு பேரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மாசூர் ஸ்டேஷனில் இறங்கி நின்றார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஒதுங்கினார்கள். கடைசியில் இரட்டைக் கூலி பேசி, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரர் கூடவே நடந்தார். கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ராத்திரி முழுக்கப் பட்டினி. மறுநாள் காலை 11 மணிவாக்கில்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் போட்ட கடிதத்தை வேலையாள் ராம்ஜியிடம் கொடுக்க மறந்திருந்தார்.

இதைப் படிக்கிறபோதெல்லாம் பிள்ளைகளின் தாகத்தையே பேசுகிறோம். காய்ந்த உதட்டோடு வாசலில் வந்து நின்ற நாலு பேரையும் பார்த்த அந்த அப்பாவின் முகத்தையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பின்னர் குடும்பம் பம்பாய்க்குப் போனது. பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த சாலில் ஒரே ஓர் அறை. சமையல், விறகு, ஆட்டுக்குட்டி, படிப்பு எல்லாம் அதற்குள்ளேதான். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அந்த அறையின் ஏற்பாடு வருகிறது. சாயங்காலமே மகனைத் தூங்கச் சொல்லிவிட்டு, அப்பா விழித்திருப்பார். ராத்திரி 2 மணிக்கு மகனை எழுப்பிப் படிக்க உட்காரவைத்துவிட்டு, காலியான இடத்தில் தான் படுப்பார். படிப்பு சொல்லிக்கொடுத்துப் பழகிய மனிதர், ஆங்கிலப் பாடநூல்களை மனப்பாடம் செய்யவைத்து, மொழிபெயர்ப்புப் பயிற்சியும் கொடுத்தார்.

பீமராவுக்குப் பாடப்புத்தகம் போதாது, வேறு புத்தகங்களும் வேண்டும். கையில் காசு இருக்காது. மணமாகிப் போன மகள்களின் வீட்டுக்கு ராம்ஜி நடப்பார். கைமாற்று கேட்பார். அதுவும் இல்லையென்றால் மகளின் நகையை வாங்கி மார்வாடியிடம் அடகு வைத்துப் புத்தகத்தோடு வீடு திரும்புவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுப்பார். கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அடகுக்கடைப் படியேறுகிற நம் ஊர் அப்பாக்களுக்கும் அக்காக்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணலின் படிப்பில் அந்த அக்காக்களின் கழுத்து நகையும் இருக்கிறது.

ராம்ஜி குறையே இல்லாதவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் மறுமணம் செய்துகொண்டது சிறுவன் பீமராவுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவின் நகை சித்தியின் உடம்பில் கிடந்ததைப் பார்த்து மனம் வெறுத்து, வீட்டைவிட்டுப் போய்ச் சொந்தமாகச் சம்பாதிக்க நினைத்ததும் உண்டு. கபீர் பக்தரான அப்பா ராமாயணம், பாரதம் படிக்கச் சொன்னபோது ஏன் என்று மகன் எதிர்த்துக் கேட்டான். தீண்டப்படாதவர்கள் என்பதால் உனக்குத் தாழ்வு மனம் வந்துவிடக்கூடாது, எளிய நிலையிலிருந்து உயர்ந்த கர்ணனைப் பார் என்ற பொருளில் அப்பா பதில் சொன்னார். மகனுக்கு அது போதவில்லை. அந்த வீட்டில் கேள்வி கேட்க இடம் இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

1912இல் மகன் பி.ஏ. முடித்தார். பரோடா வேலைக்குப் போவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை, ஆனாலும் மகன் போனார். சில நாட்களிலேயே அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தது. பதறிக் கிளம்பியவர், வழியில் சூரத் ஸ்டேஷனில் அப்பாவுக்கு இனிப்பு வாங்க இறங்கினார். அதற்குள் ரயில் போய்விட்டது. மறுநாள்தான் பம்பாய் வந்து சேர முடிந்தது. காத்திருந்த ராம்ஜி, மகனின் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு மூச்சு நின்றது. அப்போது வயது அறுபதைக் கடந்திருந்தது. சில மாதங்கள் கழித்து மகன் கப்பலேறி நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1923இல், ரூபாயின் சிக்கலைப் பற்றி அண்ணல் எழுதிய ஆய்வு நூல் லண்டனில் வெளியானது. நூலகத்தில் அந்த ஆங்கிலப் புத்தகம் கிடைத்தால், மாணவர்கள் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். தன் படிப்புக்காக அவர்கள் செய்த தியாகத்துக்கு நன்றி சொல்லி, அதை அப்பா, அம்மா நினைவுக்கே காணிக்கை ஆக்கியிருக்கிறார்.