மொய் நோட்டும் மரபணுவும்: பந்தலுக்குப் பின்னால் ஒரு எட்டு!

ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் சுவர் கண்ணில் படாது. எங்கு பார்த்தாலும் ஃப்ளெக்ஸ், பத்திரிகை, ‘மொய் விருந்து’! பந்தலின் முன்வாசலில் நுழைந்தால் ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் ஆளைத் தூக்கும். நாம் கொஞ்சம் பின்பக்கமாகப் போவோம். புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் பணம் திரட்டுகிற வித்தை அங்கேதான் இருக்கிறது.

முதல் ரகசியம், விருந்து ஒன்று, விருந்து வைப்பவர்கள் பலர்! பந்தல், சமையல், மைக் செட் என்று எல்லாச் செலவையும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பந்தி நடந்துகொண்டே இருக்கும். சாப்பிடுகிறவர் ரசத்துக்கு வருவதற்குள் அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். கை கழுவிய ஈரத்தோடு நேராகப் போகிற இடம் மொய் கவுன்ட்டர்.

ஒவ்வொரு விருந்துக்காரருக்கும் தனிப் பலகை, தனி மேசை, தனி நோட்டு. ஒருவர் ஊரையும் பேரையும் கேட்டு உரக்கச் சொல்வார். ஒருவர் எழுதுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் வாங்கிப் பாத்திரத்தில் போடுவார். “எந்த ஊருங்கண்ணே? சத்தமாச் சொல்லுங்க!” என்று கேட்டுக்கேட்டே சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். இப்போது நோட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் உட்கார்ந்திருக்கிறது, கையோடு ரசீது அச்சாகி வருகிறது. பணம் எண்ணும் மெஷின் சர்ரென்று ஓடுகிறது. 2019 ஜூலையில் வடகாட்டில் ஒரே விவசாயிக்கு 4 கோடி ரூபாய் மொய் விழுந்ததாகச் செய்தி வந்தபோது நாடே வாயைப் பிளந்தது. வடகாட்டுக்காரர்கள் வாயைப் பிளக்கவில்லை. அவர்களுக்குத் தெரியும், அதில் பெரும்பகுதி அவர் முன்பு ஊராருக்குச் செய்த மொய்தான்.

ஆமாம், சூட்சுமம் நோட்டில்தான் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை விருந்து வைக்கலாம். ஐயாயிரம் வாங்கியவர், கொடுத்தவர் விருந்து வைக்கும்போது ஐயாயிரத்தோடு மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்வார். சேர்த்த தொகை புதுக் கணக்கு. வாங்கியதை மட்டும் அப்படியே திருப்பிக் கொடுத்தால், ‘நம்ம கொடுக்கல் வாங்கல் இத்தோட முடிஞ்சுது’ என்று அர்த்தம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. போர் போட, கடனை அடைக்க, பிள்ளையைக் காலேஜில் சேர்க்க, கடை வைக்க என்று எத்தனையோ குடும்பத்தை இந்த நோட்டு தூக்கிவிட்டிருக்கிறது.

சரி, இந்த நோட்டில் ஒரு பெயர் மட்டும் ஏறவே ஏறாது. முன்பின் தெரியாத குழந்தையின் பெயர்! திருப்பிச் செய்ய அதற்கு நோட்டும் இல்லை, விருந்தும் இல்லை.

ஹீமோபிலியாவோடு பிறக்கும் பையனை எடுத்துக்கொள்வோம். காயம் பட்டால் ரத்தம் உறைய வேண்டும். அந்த வேலையைப் பங்கு போட்டுச் செய்கிற புரதங்களுக்கு ‘ஃபேக்டர்’ என்று பெயர். அதில் எட்டாம் நம்பர் ஆள் வரவில்லையென்றால் அது ஹீமோபிலியா ஏ. தவழ ஆரம்பித்ததும் முழங்கால் வீங்கும், பால் பல் விழுந்தால் ரத்தம் நிற்காது, மூட்டுக்குள்ளேயே கசிந்து கசிந்து காலப்போக்கில் மூட்டே கெட்டுப்போகும். கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது. சுமந்து வந்த அம்மாவுக்குப் பல நேரம் தெரியவே தெரியாது. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்த ஏ வகை இருக்கும். ஃபேக்டர் ஊசி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் வழக்கமான ஃபேக்டர் எட்டின் அளவு உடம்பில் அரை நாளுக்குள் பாதியாகிவிடும். மறுபடி ஊசி, மறுபடி ஊசி!

ஒரே தடவையில் முடிக்க முடியாதா? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போவோம். இதுவும் பின்வாசல்தான், செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்!

நோயாளியின் ரத்தத்திலிருந்து அவருடைய ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களுக்கெல்லாம் தாயான செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். ஃபேக்டர் எட்டைச் செய்யவைக்கும் சரியான மரபணுவை அதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஆள் வேண்டுமே! யாரைப் பிடித்திருக்கிறார்கள் தெரியுமா? வைரஸை! எச்.ஐ.வி. சேர்ந்த அதே லென்டிவைரஸ் குடும்பம். நோய் உண்டாக்கும் சரக்கையெல்லாம் உருவிவிட்டு, சும்மா வண்டி ஓட்டுகிற வேலைக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். அது ஏற்றிச் செல்லும் மரபணுவில் இன்னொரு வேடிக்கை. மனித மரபணுவில் பன்றியின் மரபணுத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த கலப்பு அது! பன்றியின் ஃபேக்டர் எட்டு செல்லிலிருந்து தாராளமாக வெளியே வரும் என்பதால் இந்த ஏற்பாடு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வடிவமைத்த சங்கதி இது. பிறகு எலும்பு மஜ்ஜையில் இடம் ஒழித்துவைக்க நோயாளிக்குக் கடுமையான மருந்து கொடுப்பார்கள். கடைசியில், மாற்றிய செல்களை டிரிப்ஸ் வழியாக ஏற்றுவார்கள். எத்தனையோ வருஷ உழைப்பு, சின்னப் பையில் தொங்கிக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கும்!

டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழு 2024 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் முடிவை வெளியிட்டது. கடுமையான ஹீமோபிலியா ஏ இருந்த ஐந்து பேர், எல்லாருக்கும் சேர்த்துக் கூட்டினால் 81 மாதக் கண்காணிப்பு. ரத்தக்கசிவு எத்தனை முறை? பூஜ்யம்! துள்ளிக் குதிக்கத் தோன்றுகிறதா? குதித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்த ஐந்து பேரும் 22 முதல் 41 வயது வரை உள்ள பெரியவர்கள். முதலில் பெரியவர்களிடம் பார்த்து, இன்னும் நிறையப் பேரிடம் பார்த்து, வருஷக்கணக்கில் காத்திருந்து உறுதி செய்த பிறகுதான் குழந்தைகளின் முறை வரும். பணம் தேவைப்படுவது இந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான்.

எவ்வளவு பணம்? 2023-ல் அமெரிக்கா அனுமதித்த இன்னொரு வகை ஹீமோபிலியா ஏ மரபணு சிகிச்சைக்குப் போட்ட விலை 29 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 24 கோடி ரூபாய். வடகாட்டு 4 கோடியைப் போல ஆறு விருந்து வைக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு! நம் ஊரிலேயே ஆராய்ந்து நம் ஊரிலேயே தயாரிக்கும் வழி தேவைப்படுவது இதனால்தான். வேலூர் ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை பணம் கொடுத்திருக்கிறது. அதாவது, வரி கட்டுகிற நாம் எல்லாரும் ஏற்கெனவே மொய் எழுதியாகிவிட்டது. ரசீதுதான் கைக்கு வரவில்லை!

திரும்பி வராத மொய்யை யார் செய்வார்கள் என்று கேட்கிறீர்களா? வம்பன் நால்ரோட்டில் கேளுங்கள். 2018-ல் கேரளா வெள்ளத்தில் மூழ்கியபோது அங்கே ஒரு டீக்கடையில் டீ மொய் விருந்து நடந்தது. டீக்கு விலை கிடையாது, மனசுக்குத் தோன்றியதை மொய்யாகப் போட்டுவிட்டுப் போகலாம். 2022-ல் இலங்கை தவித்தபோது மறுபடியும் டீ மொய்! ஆலப்புழைக்காரர் வந்து திருப்பிச் செய்வார் என்று யாரும் நோட்டுப் போடவில்லை.

இன்னும் பின்னால் போனால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிற்கிறார். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், மன்னர் கல்லூரியில் ஆண் பிள்ளைகளுக்கு நடுவே படித்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் நிவாரண நிதி மூலம் ஊரெல்லாம் பணம் திரட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. முப்பது வருஷம் கழித்து, 1984-ல், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து உருவான ‘எம்.சி.பி. 841’ சிகிச்சை முறையைக் கையாண்ட இந்திய மையங்களில் அடையாறும் ஒன்று. அந்த முறையால் பிழைத்த குழந்தைகளின் விகிதம் நன்றாகவே உயர்ந்தது. ஐம்பதுகளில் காசு கொடுத்தவருக்கு அந்தக் குழந்தைகள் யார் என்று தெரிந்திருக்க வழியே இல்லை. அவர்கள் அப்போது பிறக்கக்கூட இல்லையே!

அதனால் அடுத்த ஆடியில் யாராவது இப்படி ஒரு பலகையைத் தனியாக வைக்கட்டும்: ‘பிறக்கப்போகிற பிள்ளைக்கு மொய். திருப்பிச் செய்ய வேண்டாம்.’ உரக்கச் சொல்ல மைக்கும், எண்ண மெஷினும், எழுதக் கையும் இந்த மாவட்டத்தில் தயாராகவே இருக்கின்றன. ஊர்ப் பெயர் மட்டும் சத்தமாகச் சொல்லுங்க!