முறுக்கு மாமி பெயரில், கியூஆர் மாமா பெயரில்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே தாதர் கிழக்கிலிருந்து மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் வரை பல வீடுகளில் முறுக்கு நாழி பரணிலிருந்து இறங்கிவிடும். ஆர்டர் மாமியின் வாட்ஸ்அப்புக்கு வரும். பணம் மாமாவின் வங்கிக் கணக்குக்குப் போகும், ஏனென்றால் கியூஆர் அட்டை அவர் பெயரில் இருக்கிறது. எண்ணெய் டின்னுக்கும் பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கும் அதே கணக்குதான். பண்டிகை முடிந்ததும் "இந்தத் தடவை எவ்வளவு நின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். "கையைக் கடிக்கவில்லை" என்பார்கள். தொகை யாருக்கும் தெரியாது.

ஆனால் வங்கிக்குத் தெரியும். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை யூபிஐ வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு, நான்கு ஆண்டுகளில் 1.63 கோடி ரூபாய் வரவு என்று சொல்லி 29 லட்சம் ரூபாய் வரி கேட்டார்கள். காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! பெங்களூரு கடைகளில் ‘யூபிஐ வேண்டாம், ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். வியாபாரிகள் பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியைக் கேட்கமாட்டோம் என்று முதல்வர் சித்தராமையா சொன்ன பிறகே சூடு தணிந்தது. நாம் கணக்கு எழுதாவிட்டால், வங்கிப் பட்டியலே நம் கணக்காகிவிடுகிறது. அதில் அத்தை அனுப்பிய கல்யாண மொய்யும் விற்பனைதான்.

வீட்டுத் தொழிலுக்கு எதற்கு நோட்டுப் புத்தகம் என்பவர்களுக்கு மும்பையிலேயே பதில் இருக்கிறது. 1959 மார்ச் 15 அன்று, கிர்காவில் ஒரு கட்டடத்து மொட்டை மாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் அப்பளம் இடத் தொடங்கினார்கள். இன்றைய லிஜ்ஜத் அதுதான். கடன் கொடுத்த சகன்லால் கரம்சி பாரேக் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தார்: தரத்தில் சமரசம் கூடாது, கணக்கு முறையாக இருக்கவேண்டும். முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். அந்தச் சில்லறை ஆறு ரூபாயைக்கூட இன்று சொல்ல முடிவது, அன்று யாரோ எழுதிவைத்ததால்தான்.

சரி, வரி எவ்வளவு? பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஒரு வீட்டில் ஆண்டு விற்பனை 7,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். யூபிஐயில் வந்தது ஐந்து லட்சம், மீதி ரொக்கம். உத்தேச வருமான முறையில், வங்கி வழி வந்த தொகையில் 6 சதவீதமும் ரொக்கத்தில் 8 சதவீதமும் லாபம் என்று காட்டலாம்: 30,000, 17,600, ஆக 47,600 ரூபாய். பெரிய கணக்குப் புத்தகங்களோ தணிக்கையோ தேவையில்லை. ஆண்டு விற்பனை இரண்டு கோடி வரை இந்தச் சலுகை உண்டு. ரொக்கம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் மூன்று கோடி வரை. பழைய சட்டத்தில் இது 44ஏடி பிரிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் 58-ஆம் பிரிவு.

அந்த 6, 8 என்பவை குறைந்தபட்சம்தான். கையில் அதற்கு மேல் நின்றிருந்தால் அதையே காட்டுவதுதான் முறை. புதிய வரி முறையில் மொத்த வருமானம் 12 லட்சம் வரை போனாலும் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும். ஆனால் நான்கு லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

உண்மையான சிக்கல் மாமா பக்கம். சம்பளக்காரரான அவர் போடுவது ஐடிஆர்-1. வியாபார வருமானத்துக்கு அந்தப் படிவத்தில் இடமே கிடையாது. அவர் கணக்கில் விழுந்த ஐந்து லட்சத்துக்கு நாளைக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும். மாமி தன் பான் எண்ணில் தனியாக ஒரு கணக்கு தொடங்கி, கியூஆரைத் தன் பெயருக்கு மாற்றினால் பாதித் தலைவலி போய்விடும். ரிட்டர்ன் அவர் பெயரில் ஐடிஆர்-4.

ஜிஎஸ்டியில் பொருள் மட்டும் விற்பவருக்கு மகாராஷ்டிரத்தில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. டியூஷன், தையல், கேட்டரிங் போன்ற சேவைகளுக்கு வரம்பு 20 லட்சம். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் ஹார்ன் அடித்தபடி புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த எல்லைக்குள்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

கண்ணி கூரியரில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சென்னைக்கு ஒரு கிலோ முறுக்கு அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. 40 லட்ச வரம்பு அங்கே செல்லாது, பதிவு கட்டாயம். முறுக்கு நம்கீன் வகை, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத வரி. அப்பளத்துக்கு வரியே இல்லை. அப்பளம் மட்டுமே விற்கிறவருக்கு எங்கே அனுப்பினாலும் பதிவு வேண்டாம். 2021-இல் தொழிலதிபர் ஹர்ஷ் கோயங்கா, வட்ட அப்பளத்துக்கு வரி இல்லை, சதுர அப்பளத்துக்கு உண்டு என்று ட்விட்டரில் எழுதப்போய், அப்பளம் எந்த வடிவில் இருந்தாலும் விலக்குதான் என்று மத்திய வரி வாரியமே விளக்கம் தரவேண்டியதாயிற்று.

இதெல்லாம் போக, சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு மகாராஷ்டிரத் தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாய். கடைசி நாள் ஜூன் 30.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, யாருக்கு, என்ன, எவ்வளவு, ரொக்கமா யூபிஐயா. எதிர்ப்பக்கத்தில் அரிசி, உளுந்து, எண்ணெய், பாக்கெட், மாவு மிஷின் கூலி. வீட்டுச் செலவுக்கு எடுத்த தொகையைத் தனியாக. உத்தேச முறையில் செலவுகளைக் கழிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் செலவுப் பக்கத்தை விடாதீர்கள். எண்ணெய் விலை ஏறியும் போன வருட விலைக்கே முறுக்கு விற்றுக்கொண்டிருப்பது அங்கேதான் தெரியும்.

ஆண்டு வரி 10,000 ரூபாயை எட்டினால், உத்தேச முறையில் போகிறவர்கள் முன்கூட்டிய வரி முழுவதையும் ஒரே தவணையில் கட்டலாம். கெடு மார்ச் 15, கிர்காவ் மொட்டை மாடியில் அந்த ஏழு பேரும் அப்பளம் உலர்த்திய அதே தேதி.