கணக்குப் போடத் தெரிந்தால் போதுமா?

ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன கிடைக்கும்?

பள்ளியில் கற்ற விதி உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். 7/4 ஐ 2/1 ஆல் பெருக்கினால் 14/4, அதாவது மூன்றரை. விடை சரிதான்.

இப்போது இரண்டாவது கேள்வி. இந்த வகுத்தல் தேவைப்படும் ஒரு நிகழ்ச்சியைக் கதைக்கணக்காகச் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

"ஒன்றே முக்கால் கிலோ சர்க்கரையை இருவர் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்கு எவ்வளவு?" என்று சொன்னீர்களா? அப்படியானால் சற்றே நில்லுங்கள். அது இரண்டால் வகுக்கும் கணக்கு. அதன் விடை முக்காலே அரைக்கால் கிலோ. நாம் கேட்டதோ அரையால் வகுப்பது. விடை மூன்றரை வரவேண்டும்.

சரியான கதை ஒன்று: "என்னிடம் ஒன்றே முக்கால் லிட்டர் எண்ணெய் இருக்கிறது. அதை அரை லிட்டர் புட்டிகளில் ஊற்றினால் எத்தனை புட்டிகள் நிரம்பும்?" மூன்று புட்டிகளில் ஒன்றரை லிட்டர் அடங்கும். மீதி கால் லிட்டர். அப்படியென்றால் விடை மூன்றேகால் அல்லவா என்று ஒரு சிறுவன் கேட்பான். மிக நல்ல கேள்வி. மீதியுள்ள எண்ணெய் ஒரு லிட்டரில் கால். ஆனால் புட்டியில் பாதி. நாம் எண்ணுவது புட்டிகளை. ஆகவே மூன்றரைப் புட்டி.

கணக்குப் போடுவது ஓர் அறிவு. அதன் பொருளை உணர்ந்து பிறருக்கு விளக்குவது மற்றோர் அறிவு. தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்புவோருக்கென்றே அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு தனிக் கணிதப் பாடம் நடத்தப்படுகிறது. இன்று பல கல்லூரிகள் அதனை இணையவழியிலும் நடத்துகின்றன. அந்தப் பாடம் இந்த இரண்டாவது அறிவைப் பற்றியது.

லிப்பிங் மா கண்டது

நீங்கள் மேலே விடையளித்த கேள்வி என்னுடையதன்று. அமெரிக்க ஆசிரியர்களிடமும் சீன ஆசிரியர்களிடமும் கேட்கப்பட்ட ஒன்று அது. அந்த விடைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தவர் லிப்பிங் மா என்னும் சீனப் பெண்மணி. பண்பாட்டுப் புரட்சியின்போது நகரத்திலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர் அவர். பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சி செய்தார். அவருடைய நூல் 1999இல் வெளிவந்தது.

அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர். சீன ஆசிரியர்கள் 72 பேர். ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கணக்கைச் சீன ஆசிரியர் அனைவரும் சரியாகப் போட்டனர். அமெரிக்கருள் சரியாகப் போட்டு முடித்தவர் பாதிக்கும் குறைவு. கதைக்கணக்கில் வேறுபாடு இன்னும் பெரிது. சீன ஆசிரியர்களில் 65 பேர் பொருத்தமான கதை சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பொருளளவில் சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். மற்றவர்களில் பலர் அரையால் வகுப்பதை இரண்டால் வகுப்பதோடும், பாதியாக்குவதோடும் குழப்பிக்கொண்டனர்.

இதில் வியப்பு யாதெனில், அந்த அமெரிக்க ஆசிரியர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். சீன ஆசிரியர்களோ ஒன்பது ஆண்டுப் பள்ளிப் படிப்பும் அதன்மேல் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியப் பயிற்சியும் மட்டுமே பெற்றவர்கள். ஆனால் அவர்கள் தங்கள் பள்ளியில் ஒன்றாக அமர்ந்து பாடநூலை வரிவரியாக ஆராய்ந்தார்கள். ஒரு கணக்கை எத்தனை வழிகளில் போடலாம், மாணவர் எங்கே இடறுவர் என்று தமக்குள் விவாதித்தார்கள். எளிய கணிதத்தை ஆழமாகக் கற்றார்கள்.

அப்படியானால் வருங்கால ஆசிரியருக்கு நுண்கணிதம், உயர் இயற்கணிதம் எனப் பாடங்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதாது. அவர் நாளை கற்பிக்கப்போகும் கூட்டல், கழித்தல், பின்னம், பரப்பளவு ஆகியவற்றையே கல்லூரித் தரத்தில் மீண்டும் கற்க வேண்டும்.

தெரிந்ததை மறப்பது எப்படி?

இங்கே ஒரு விசித்திரமான இடர்ப்பாடு எழுகிறது. பத்தொன்பது வயது மாணவிக்கு 32 இலிருந்து 14 ஐக் கழிப்பது மூச்சு விடுவது போன்றது. அது ஏன் கடினம் என்று அவருக்கு எப்படி விளங்கும்? ஆறு வயதுக் குழந்தையின் திகைப்பை அவரே அனுபவித்தால்தானே விளங்கும்!

இதற்குப் பாட வல்லுநர்கள் கையாளும் உபாயம் ஒன்று உண்டு. பத்துக்கு விடைகொடுத்துவிட்டு, ஐந்தை அடியாகக் கொண்ட எண்முறைக்கு மாணவரை அழைத்துச் செல்கிறார்கள். அங்கே 0, 1, 2, 3, 4 என்னும் ஐந்து இலக்கங்கள் மட்டுமே உண்டு. நாமும் அங்கே போய்வருவோம். எண்ணுங்கள்: 1, 2, 3, 4, 10, 11, 12, 13, 14, 20. இங்கே 10 என்பதைப் 'பத்து' என்று படிக்கக் கூடாது. கையில் ஐந்து விரல்கள் இருப்பதால் அதை 'ஒரு கை' என்போம். 12 என்பது ஒரு கையும் இரண்டும், அதாவது ஏழு.

இனி இந்த முறையில் 32 இலிருந்து 14 ஐக் கழியுங்கள். 18 என்று எழுதத் துடிக்கிறதா? இந்த நாட்டில் 8 என்ற இலக்கமே இல்லையே! இரண்டிலிருந்து நான்கைக் கழிக்க முடியாது. ஆகவே மூன்று கைகளில் ஒன்றைப் பிரித்து ஐந்து ஒன்றுகளாக்குகிறோம். ஐந்தும் இரண்டும் ஏழு; ஏழில் நான்கு போக மூன்று. மீதியுள்ள இரண்டு கைகளில் ஒன்று போக ஒன்று. விடை 13. சரிபார்ப்போம்: 32 என்பது பதினேழு, 14 என்பது ஒன்பது, வேறுபாடு எட்டு. ஒரு கையும் மூன்றும் எட்டுத்தான்.

இதைச் செய்தபோது விரல்களை எண்ணினீர்களா? ஓரிடத்தில் தயங்கினீர்களா? முதல் வகுப்புக் குழந்தையின் நிலை அதுவே. மேலும் ஒன்று கவனியுங்கள். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நாம் சொல்லிவந்தோமே, அந்தக் கடனை யாரும் திருப்பித் தருவதில்லை! நடப்பது கடன் அன்று. ஒரு பெரிய அலகு பிரிந்து சிறு அலகுகள் ஆகிறது. லிப்பிங் மா சந்தித்த சீன ஆசிரியர்கள் பலர் 'மேல் அலகைப் பிரித்தல்' என்றே விளக்கினர். சொல் மாறினால் கருத்தும் தெளிகிறது.

குழந்தையின் மொழியும் இதில் பங்கு கொள்கிறது. ஆங்கிலத்தில் பதினொன்றையும் பன்னிரண்டையும் குறிக்கும் 'லெவன்', 'ட்வெல்வ்' என்னும் சொற்களில் பத்து இருப்பது வெளியே தெரியாது. நம் 'பதினொன்று' பத்தையும் ஒன்றையும் காட்டிவிடுகிறது. ஆனால் 'தொண்ணூறு', 'தொள்ளாயிரம்' என்னும் நம் சொற்கள் நூற்றையும் ஆயிரத்தையும் காதில் ஒலித்துக் குழந்தையை மயக்கக்கூடும். ஆசிரியர் இதை அறிந்திருக்க வேண்டும் அன்றோ?

தவறுக்குள் இருக்கும் அறிவு

இப்பாடத்தின் மற்றொரு பகுதி மாணவரின் பிழைகளை ஆராய்வது. 52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என்று ஒரு சிறுமி எழுதியிருக்கிறாள். 'தவறு' என்று சிவப்பு மையால் கோடிடுவது எளிது. அவள் என்ன செய்தாள்? ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறாள்: ஐந்தில் இரண்டு போக மூன்று, ஏழில் இரண்டு போக ஐந்து. 'சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது' என்று யாரோ சொன்னதை அவள் உண்மையாகவே கடைப்பிடித்திருக்கிறாள்!

இன்னொன்று: 123 ஐ 645 ஆல் பெருக்கும் மாணவன் 615, 492, 738 என மூன்று வரிகளை இடம் தள்ளாமல் நேர்நேராக எழுதிக் கூட்டி 1,845 என்கிறான். 'ஒவ்வொரு வரியையும் ஓரிடம் தள்ளி எழுது' என்பது விதி. ஏன் தள்ள வேண்டும்? 645 இல் உள்ள 4 நான்கு அன்று, நாற்பது. எனவே இரண்டாம் வரி 4,920, மூன்றாவது 73,800. கூட்டினால் 79,335. காரணம் தெரிந்தவனுக்கு விதி மறந்தாலும் கவலையில்லை.

'தலைகீழாக்கிப் பெருக்கு' என்பதற்கும் காரணம் சொல்லிவிடலாம். ஒரு பாத்திரத்தின் பாதி நிரம்ப ஒன்றே முக்கால் லிட்டர் பால் வேண்டும். முழுப் பாத்திரம் நிரம்ப எவ்வளவு? இதுவும் அரையால் வகுக்கும் கணக்கே. இருமடங்காக்கினால் மூன்றரை லிட்டர். அரையால் வகுப்பது இரண்டால் பெருக்குவது ஆயிற்று. பாதிக்குப் பதில் முக்கால் பாத்திரம் நிரம்பியிருந்தால்? மூன்றால் வகுத்துக் கால் பாத்திரத்தின் அளவைக் கண்டு, நான்கால் பெருக்குவோம். அதாவது நான்கின் கீழ் மூன்றால் பெருக்குகிறோம். விதி தானாகவே பிறந்துவிட்டது!

வகுத்தால் விடை குறையும் என்ற எண்ணம் சிறுவயதில் வேரூன்றினால் எளிதில் போவதில்லை. ஒளியின் வேகத்தை அதன் அலைநீளத்தால் வகுத்து அதிர்வெண் காணும்போது, விடை எப்படி இவ்வளவு பெரிதாகிறது என்று திகைக்கும் மாணவர்களை என் இயற்பியல் வகுப்பில் காண்கிறேன்.

இணையத்தில் எப்படி?

வேலை பார்த்துக்கொண்டும் குழந்தைகளை வளர்த்துக்கொண்டும் ஆசிரியராகப் படிப்போர் பலர். அவர்களுக்கு இணையவழிப் பாடம் பேருதவி. 2020இல் கொரோனா பெருந்தொற்று பரவியபோது, நேர்முக வகுப்புகளும் இணையத்துக்கு மாறவேண்டியதாயிற்று.

பதிவு செய்த விளக்கங்களை மாணவர் தமக்கு உகந்த நேரத்தில் காண்கிறார். ஒன்று, பத்து, நூறு எனக் கட்டைகளைத் திரையிலேயே சேர்த்தும் பிரித்தும் பார்க்கிறார். யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 1999இல் தொடங்கிய திரைக் கருவித் தொகுப்பு இவ்வகையில் ஒரு முன்னோடி. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மிஷெல் மேன்ஸ் எழுதிய பாடநூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இடமதிப்பு ஒரு விளையாட்டாக அறிமுகமாகிறது: ஒரு பெட்டியில் இரண்டு புள்ளிகள் சேர்ந்தால் அவை மறைந்து, இடப்பக்கப் பெட்டியில் ஒரு புள்ளி தோன்றும்.

ஆனால் இணையப் பாடத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. கைப்பேசியில் கணக்கைப் படம் பிடித்தால் செயலியே விடையைத் தந்துவிடுகிறது. எனவே விடையை மட்டும் கேட்கும் தேர்வால் பயனில்லை. மாணவர் ஒரு கணக்கைத் தாமே விளக்கிப் பேசிப் பதிவு செய்து அனுப்பினால், அவர் எங்கே தடுமாறுகிறார் என்பது தெரிந்துவிடும். அதை அவரே மறுபடி கேட்டுத் திருத்திக்கொள்ளவும் முடியும். இது நேர்முக வகுப்பில் எல்லாருக்கும் கிட்டாத வாய்ப்பு. கையால் தொட்டுப் பார்க்கும் அனுபவத்தையும், முகம் சுருங்குவதைக் கண்டு உடனே வேறு வழியில் விளக்கும் ஆசிரியரையும் மட்டும் திரை தந்துவிட இயலாது. முன்னதை வீட்டிலுள்ள கொட்டைகளையும் காகிதத் துண்டுகளையும் கொண்டு ஓரளவு ஈடுகட்டலாம். பின்னதற்கு அவ்வப்போது நேரலையில் கூடிப் பேசுவதே வழி.

இவ்வளவு முயற்சி ஏன்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெதர் ஹில், பிரையன் ரோவன், டெபோரா பால் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு 115 தொடக்கப்பள்ளிகளைப் பற்றியது. கற்பித்தலுக்கு வேண்டிய கணித அறிவு மிகுந்த ஆசிரியரிடம் பயின்ற முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் அதிக முன்னேற்றம் கண்டனர். குடும்ப வசதி போன்ற காரணிகளைக் கணக்கில் கொண்ட பின்னரும் இத்தொடர்பு நிலைத்தது.

சிகாகோ பல்கலைக்கழக உளவியலார் 2010இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு நெஞ்சைத் தொடுவது. 17 ஆசிரியைகளின் வகுப்புகளை அவர்கள் ஓராண்டு கவனித்தனர். கணக்கென்றால் அஞ்சும் ஆசிரியையிடம் பயின்ற சிறுமிகளில் பலர், 'கணக்கு ஆண்களுக்கு, வாசிப்புப் பெண்களுக்கு' என்று ஆண்டிறுதியில் நம்பத் தொடங்கியிருந்தனர். அவ்வாறு நம்பியவர்களின் கணிதத் தேர்ச்சியும் குறைந்திருந்தது. சிறுவர்களிடம் இந்த விளைவு தோன்றவில்லை. அச்சம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குச் சொத்துப்போல இறங்குகிறது. அச்சிறுமிகளுள் ஒருத்தி நாளை ஆசிரியை ஆனால்?

இச்சங்கிலியை அறுக்கத்தக்க இடம் ஆசிரியப் பயிற்சி. அமெரிக்கக் கணித அமைப்புகளின் கூட்டவை 2001இல், தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகிறவர் இத்தகைய கணிதத்தில் குறைந்தது 9 பருவ மணிப் பாடம் கற்க வேண்டும் என்றது. 2012இல் அதை 12 ஆக உயர்த்தியது. ஒரு பருவ மணி என்பது ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு.

முடிக்குமுன் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இரண்டு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் எப்போதும் இரட்டைப்படை எண்ணே வருகிறது. ஏன்? இயற்கணிதக் குறிகள் வேண்டாம். புளியங்கொட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்கோ தங்கைக்கோ புரியும்படி சொல்லிப் பாருங்கள். "ஓ, அந்த இரண்டு ஒற்றைக் கொட்டையும் ஜோடி சேர்ந்துவிடும்!" என்று குழந்தையே கூறிவிட்டால் உங்களுக்கு நூற்றுக்கு நூறு.