அம்மாவுக்கு இருந்தது எனக்கும் வருமா?

வெள்ளானூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மொட்டைமாடியில் துணி உலர்த்தியபடி கேட்டாள்: "எங்கம்மாவுக்கு மன அழுத்தம் இருந்துச்சுக்கா. இப்ப எனக்கும். என் பொண்ணுக்கும் வருமா? ஜீன்லயே இருக்குன்னு யூடியூப்ல சொல்றாங்களே."

அந்த 'ஜீன்' பேச்சு 2003இல் பெரிதாகக் கிளம்பியது. நியூசிலாந்தின் டுனெடினில் 847 பேரை ஆராய்ந்த அவ்ஷலோம் காஸ்பி குழு, செரட்டோனின் தொடர்பான ஒரு மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள், வாழ்க்கையில் அடிமேல் அடி விழுந்தால் எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்றது. 2009இல் 14 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டவர்கள் 'அப்படி எதுவும் தெரியவில்லை' என்றார்கள். 2011இல் 54 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 'தெரிகிறது' என்றார்கள்.

கேள்வி ஒன்றுதான், எதை உள்ளே விட்டார்கள் என்பதில்தான் விடை மாறியது. 2009 குழு, ஒப்பிடத்தக்க தரவு கிடைத்த ஆய்வுகளை மட்டும் சேர்த்தது. 2011 குழு, சிறுவயதுக் கொடுமை, கடும் உடல்நோய் ஆகியவற்றையும் 'நெருக்கடி'க் கணக்கில் சேர்த்தது. அச்சேறிய ஆய்வுகளிலேயே ஒரு சாய்வு இருந்தது. மரபணுவையும் சூழலையும் இணைத்து ஒன்றை முதன்முறையாகச் சோதித்த ஆய்வுகளில் 96 சதவீதம் 'தொடர்பு உண்டு' என்றன. அவற்றை மறுபடி சோதித்தபோது 27 சதவீதமே தேறின. ஒன்றும் கிடைக்காத ஆய்வு பெரும்பாலும் மேசை இழுப்பறையைத் தாண்டுவதில்லை.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டென்ஷனையும் 'மன அழுத்தம்' என்கிறோம், நோயையும் அப்படியே சொல்கிறோம். மருத்துவர் 'மனச்சோர்வு' என்பார். வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல் இருக்கும்போது கேள்வித்தாளில் எதை அளக்கிறோம்? சென்னையில் 25,455 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த ஆய்வு, 2009இல், 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்றது. 2015-16இல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நேர்காணல் முறையில் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், அந்நேரம் மனச்சோர்வு இருந்தவர்கள் 2.7 சதவீதம்தான். ஊரும் காலமும் வேறுதான் என்றாலும், இவ்வளவு இடைவெளியில் கேட்கும் விதத்துக்கும் பெரிய பங்கு இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

மரபணுக் கேள்விக்குத் திரும்பினால், பின்னர் ஆய்வாளர்கள் கணக்கிடும் முறையை முன்கூட்டியே அச்சிட்டு அறிவித்துவிட்டு, 38,802 பேரின் தரவை ஒரே விதமாக அலசினார்கள். காஸ்பி குழுவின் பழைய முடிவுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. 2019இல், மனச்சோர்வோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட 18 மரபணுக்களை, சில கணக்குகளில் நான்கு லட்சத்துக்கும் மேலானவர்களிடம், சோதித்தபோதும் எதுவும் நிற்கவில்லை. வாழ்க்கை நெருக்கடிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு மட்டும் 2009 தொகுப்பிலேயே தெளிவாக நின்றது.

அவளிடம் சொன்னேன்: "குடும்பத்துல ஓரளவு தொடரும்மா. ஆனா ஒரு ஜீன் முடிவு பண்றதில்ல, ஏகப்பட்டது சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா. அம்மாவுக்கு எப்ப ஆரம்பிச்சுது?"

யோசித்தாள். "அம்பத்தூர் எஸ்டேட்ல அப்பா வேலை பார்த்த கம்பெனிய மூடின வருஷம்க்கா."