எந்தக் கடற்காகம் இது?

நோர்வே மொழியில் நீங்கள் "மோக்கெ" என்று சொல்லும் பறவைக்குத் தமிழில் கடற்காகம் என்று பெயர். துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். உங்கள் கையில் இருந்த பாணைக்கூடப் பறித்துக்கொண்டு போயிருக்கும்! ஆனால், கடற்காகத்தில் பல வகைகள் உண்டு. அவற்றை எப்படிப் பிரித்து அறிவது?

சென்ற யூன் மாதம் நாங்கள் வர்டோவுக்குப் போனோம். வர்டோ, நோர்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கும் சின்ன ஊர். யூன் மாதத்தில் அங்கே இரவிலும் சூரியன் மறையாது. ஊருக்குப் பக்கத்தில் ஹோர்னோயா என்ற தீவு இருக்கிறது. ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் அங்கே கூடு கட்டும்.

துறைமுகத்தில் படகுக்காகக் காத்திருந்தோம். ஒரு கம்பத்தின் மேல் ஒரு பறவை நின்றது. வெள்ளைத் தலை, சாம்பல் நிற முதுகு.

"இது க்ரோமோக்கெ" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல. க்ரோமோக்கெ என்றால் சாம்பல் கடற்காகம்.

மகள் பைனாகுலரால் பார்த்தாள்.

"அப்பா, வடிவாப் பாருங்கோ. கால் கறுப்பா இருக்கு!"

பறவைப் புத்தகத்தைத் திறந்தோம். சாம்பல் கடற்காகத்தின் கால் இளஞ்சிவப்பு. நான் சொன்னது பிழை! முதுகை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிட்டேன். பல கடற்காகங்களுக்கு முதுகு சாம்பல் நிறம்தான்.

அதன் பிறகு, பெயர் சொல்லும் முன் மூன்று கேள்விகள் கேட்போம் என்று முடிவு செய்தோம்.

1. கால் என்ன நிறம்?
2. அலகில் சிவப்புப் புள்ளி உண்டா?
3. சிறகின் நுனி எப்படி இருக்கிறது?

இந்தக் கேள்விகளுக்கு மூன்று பறவைகளும் என்ன பதில் சொல்கின்றன என்று பாருங்கள்.

சாம்பல் கடற்காகம் (க்ரோமோக்கெ): பெரிய பறவை. கால் இளஞ்சிவப்பு. மஞ்சள் அலகில் சிவப்புப் புள்ளி உண்டு. சிறகின் நுனி கறுப்பு. அதில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும்.

மீன் கடற்காகம் (ஃபிஸ்கெமோக்கெ): இது சிறியது. கால் பச்சை கலந்த மஞ்சள். அலகில் சிவப்புப் புள்ளி இல்லை. சிறகின் கறுப்பு நுனியில் பெரிய வெள்ளைப் புள்ளிகள் இருக்கும்.

க்ரிக்கியெ: இதுவும் சிறியது. கால் கறுப்பு. அலகு மஞ்சள், சிவப்புப் புள்ளி இல்லை. சிறகின் நுனி முழுவதும் கறுப்பு. மையில் தோய்த்து எடுத்தது போல இருக்கும்! இதன் ஆங்கிலப் பெயர் கிட்டிவேக். அது கத்துவதும் "கிட்டி-வேக், கிட்டி-வேக்" என்றுதான் கேட்கும்.

அப்படியென்றால், கம்பத்தில் நின்றது எது? ஓம், க்ரிக்கியெதான்.

"சிவப்புப் புள்ளி எதுக்கு அப்பா?" என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. சாம்பல் கடற்காகக் குஞ்சு பசித்தால் அம்மாவின் அல்லது அப்பாவின் அலகைக் கொத்தும். சிவப்புப் புள்ளிதான் குஞ்சைக் கொத்தத் தூண்டுகிறது. உடனே பெரிய பறவை, தான் விழுங்கிய உணவை வெளியே எடுத்துக் கொடுக்கும். நிக்கோ டின்பர்கன் என்ற அறிஞர், அட்டையில் கடற்காகத் தலைகளைச் செய்து குஞ்சுகளுக்குக் காட்டி இதை ஆராய்ந்தார். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

படகு ஹோர்னோயாவை நெருங்கியது. பாறைச் சுவர் முழுவதும் கூடுகள். காதை அடைக்கும் சத்தம்! அங்கே மண்நிறத்தில் ஒரு பெரிய கடற்காகம் பறந்தது. "இது புது வகை!" என்று மகன் கத்தினான். அது புது வகை இல்லை. இளைய சாம்பல் கடற்காகம். அதற்கு வெள்ளையும் சாம்பலும் முழுதாக வர ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகும்.

தூரத்தில் இன்னொரு பறவை இருந்தது. காலும் தெரியவில்லை, அலகும் தெரியவில்லை. மகள் குறிப்பேட்டில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அதுவும் சரியான பதில்தான். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால், எண்ணிக்கை பிழைத்துவிடும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம்? நோர்வேயில் ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கு ஒரு சிவப்புப் பட்டியல் உண்டு. 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் நாம் பார்த்த மூன்று பறவைகளும் இருக்கின்றன. மூன்றில் க்ரிக்கியெக்குத்தான் ஆபத்து அதிகம். துரொம்சோ நகரில் அது கூடு கட்டுவதற்கென்றே "ஹோட்டல்" கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்! "எல்லாம் ஒரே மோக்கெதானே" என்று நினைத்தால், அதில் ஒரு வகை குறைந்துபோவது நமக்குத் தெரியாது.

உங்களுக்கும் ஒருகாலத்தில் ன, ண இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரிந்தன. சுழிகளை எண்ணிப் பழகினீர்கள். இப்போது குழப்பம் வருமா? கடற்காகமும் அப்படித்தான். அடுத்த முறை வடிவாப் பாருங்கோ!

புதிய சொற்கள்

அலகு – பறவையின் வாய்ப்பகுதி
நுனி – முனை
தோய்த்தல் – நனைத்து எடுத்தல்
குறிப்பேடு – பார்த்ததை எழுதி வைக்கும் கொப்பி

பயிற்சி

1. அப்பா ஏன் முதலில் பிழையான பெயரைச் சொன்னார்?
2. ஒரு கடற்காகம் கூட்டில் உட்கார்ந்திருக்கிறது. கால் தெரியவில்லை. அலகில் சிவப்புப் புள்ளி இல்லை. சிறகின் நுனி முழுவதும் கறுப்பு. இது எது?
3. மகள் ஏன் கேள்விக்குறி போட்டாள்? அது சரியா? உங்கள் கருத்தை இரண்டு வசனங்களில் எழுதுங்கள்.
4. உங்கள் ஊரில் ஒரு கடற்காகத்தைப் பார்த்து, மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதி வாருங்கள்.