பெயர் போடாத கேலிச் சித்திரங்கள்: பாரதியின் 'இந்தியா'வும் தூத்துக்குடியும்

அரசாங்கத்தைக் கேலி செய்யும் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. வரைந்தவர் யார் என்று தெரியாது. சிரித்துவிட்டு நாமும் அடுத்த குழுவுக்கு அனுப்பி விடுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட ஒரு படத்துக்குப் பின்னால் ஒருவரின் சிறைவாசமே இருந்தது. அந்த வரலாறு நம் தூத்துக்குடி மண்ணோடும் தொடர்புடையது.

'இந்தியா' வார இதழ் 1906 மே மாதம் சென்னையில் தொடங்கியது. நடத்தியவர் மண்டயம் திருமலாச்சாரியார். ஆசிரியர் பொறுப்பைச் சுமந்தவர் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் பிறந்த பாரதி. முதல் பக்கத்தில் பெரிய அளவில் கருத்துப்படம், அதன் கீழே விளக்கம் என்ற வழக்கத்தைத் தமிழ் இதழியலுக்குக் கொண்டு வந்தது இந்தப் பத்திரிகைதான். ஆங்கிலேய அதிகாரிகளும், அவர்களிடம் கெஞ்சியே காரியம் சாதிக்கலாம் என்று நம்பிய மிதவாதத் தலைவர்களும் அந்தப் படங்களில் கேலிக்கு ஆளானார்கள். கருத்தைச் சொன்னவர் பாரதி. கோடு போட்ட ஓவியர்களின் பெயர் படத்தில் இருக்காது.

படம் ஏன்?

சென்னை மாகாணத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட எழுத்தறிவு இல்லாத காலம் அது. தலையங்கத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும். படத்துக்கு அந்தச் சிரமம் இல்லை, பார்த்தாலே புரியும். அதனால்தான் அரசுக்கு அதன் மேல் எரிச்சல். தமிழ்ப் பத்திரிகைகளில் வருவதை ஆங்கிலத்தில் சுருக்கி வாராவாரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பவே தனி ஏற்பாடு இருந்தது. அடக்குவதற்காகச் சேர்த்து வைத்த அந்த அறிக்கைகள்தான் இன்று ஆய்வாளர்களுக்குச் சான்றாக உதவுகின்றன.

தூத்துக்குடியின் பங்கு

அதே 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்ச ரூபாய்க்கு, வாங்கிக் கம்பெனிக்கு முதுகெலும்பாக நின்றார். இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டும். இந்த முயற்சிக்குப் பக்கபலமாக எழுதியது 'இந்தியா'.

1908 மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அடுத்து அரசின் பார்வை பத்திரிகையின் மேல் திரும்பியது.

யார் விலை கொடுத்தார்?

எழுதியவர் பெயரை மறைக்கலாம். ஆனால் பத்திரிகைக்குச் சட்டப்படி ஒருவர் பொறுப்பேற்றுப் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். 'இந்தியா'வுக்குப் பதிவான பெயர் பாரதியுடையது அல்ல, எம்.சீனிவாசன் என்பவருடையது. 1908 ஆகஸ்டில் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதான அவருக்கு ஐந்து ஆண்டு சிறை. பாரதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்து அதே ஆண்டு அக்டோபரில் இதழ் மீண்டும் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைவதற்குத் தடை விழ, 1910 மார்ச்சில் நின்று போனது.

பாரதி போனது கோழைத்தனமா? அவர் வெளியே இருந்ததால்தான் மேலும் ஒன்றரை ஆண்டு இதழ் வந்தது என்பது உண்மை. சீனிவாசன் உள்ளே இருந்தார் என்பதும் உண்மை. பாரதியின் பெயரில் தெருக்களும் பள்ளிகளும் இருக்கின்றன. சீனிவாசனை எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்று கிடைப்பது

மிஞ்சிய 'இந்தியா' இதழ்கள் இன்று பழுப்பேறிய அரிய ஆவணங்கள். அவற்றின் படங்களைத் தேடித் தொகுத்து, ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி 'பாரதியின் கருத்துப்படங்கள்' என்ற நூலாக 1994-ல் வெளியிட்டார். நாசரேத், ஏரல், காயல்பட்டினம் பகுதிப் பள்ளி நூலகங்களில் இருக்க வேண்டிய நூல் அது.

அந்தப் படங்கள் அதிகாரத்தில் இருந்தவர்களையும், அவர்களுக்குத் துணை போனதாகப் பாரதி கருதியவர்களையும் நோக்கிப் பேசின. இன்று பெயரில்லாமல் உலவும் பல படங்கள் எளியவர்களையும் ஒரு சமூகத்தையுமே இழிவுபடுத்துகின்றன. எனவே ஒரு படம் கைக்கு வந்தால் இரண்டு கேள்விகளைக் கேட்போம்: இது யாரைக் குத்துகிறது? இதற்காக யார் விலை கொடுப்பார்? பதில் தெரிந்த பிறகு அடுத்தவருக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வோம்.