யானையும் அல்ல, பன்றியும் அல்ல: நம் பக்கத்துக் காட்டுத் தாபிர்

மாணவர்களே, உலகின் விநோதமான விலங்கு ஒன்றைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டால், பாதிப் பேர் உடனே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுகிறார்கள். பிளாட்டிபஸ், கங்காரு, கோவாலா என்று பட்டியல் நீள்கிறது. காஜாங்கிலிருந்து காரில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய காடுகளில் வாழும் ஒரு விலங்கை யாரும் சொல்வதில்லை. அதன் படத்தை மட்டும் பலரும் பார்த்திருப்பீர்கள். காட்டை ஒட்டிய சாலைகளில் மஞ்சள் நிற எச்சரிக்கைப் பலகைகள் நிற்கும். சிலவற்றில் யானை இருக்கும். சிலவற்றில் குட்டையான தும்பிக்கையுடன், பன்றி போன்ற உடலுடன் ஒன்று இருக்கும். அதுதான் தாபிர். மலாய் மொழியில் தெனுக் என்றும் சிப்பான் என்றும் சொல்வார்கள்.

இதற்குத் தமிழில் தனிப் பெயர் கிடையாது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இந்த விலங்கு இல்லை என்பதால் நம் முன்னோர் பெயர் வைக்க வேண்டிய தேவையே வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், இதன் அறிவியல் பெயர் தாபிரஸ் இண்டிகஸ். இந்தியாவில் இல்லாத விலங்குக்கு இந்தியாவின் பெயர்! இது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1812இல் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற விலங்கியல் அறிஞர் குவியே, பெரிய நாலுகால் விலங்குகளில் இனி புதிதாகக் கண்டுபிடிக்க அதிகம் எதுவும் மிச்சமில்லை என்ற பொருளில் எழுதினார். தாபிர் என்றால் அது அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் வாழ்வது என்பதுதான் அன்றைய ஐரோப்பிய அறிஞர்களின் எண்ணம். அதே காலத்தில் மலாக்காவில் பிரிட்டிஷ் நிர்வாகியாக இருந்த வில்லியம் ஃபார்குவார் இங்குள்ள தாபிரைப் பற்றிய குறிப்பையும் படத்தையும் 1816இல் கல்கத்தாவில் இருந்த ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார். அது அங்கே அச்சாகாமல் கிடந்தது. பிரான்சிலிருந்து வந்த தியார் என்ற இளம் ஆய்வாளர் அந்தப் படத்தைப் பார்த்தார். கல்கத்தாவை அடுத்த பாரக்பூர் விலங்குக் காட்சிச் சாலையில் உயிருள்ள ஒரு தாபிரையும் பார்த்தார். தகவல் பாரிசுக்குப் போனது. 1819இல் தெமாரே என்ற பிரெஞ்சு அறிஞர் முறைப்படி பெயர் சூட்டி வெளியிட்டுவிட்டார். ஃபார்குவாரின் கட்டுரை அச்சில் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான். அறிவியலில் யார் முதலில் பார்த்தார் என்பதைவிட யார் முதலில் வெளியிட்டார் என்பதே கணக்கு. அதைவிட முக்கியமாக, இந்த மண்ணின் பூர்வகுடிகளும் மலாய்க்காரர்களும் இந்த விலங்கைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். 'கண்டுபிடிப்பு' என்று பாடநூலில் வாசிக்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இது எந்தக் குடும்பம்? மூக்கைப் பார்த்தால் யானை, உடலைப் பார்த்தால் பன்றி. இரண்டும் தவறு. எல்லா விலங்குகளையும் செய்து முடித்த பிறகு மிஞ்சிய துண்டுகளை ஒட்டிச் செய்தது தாபிர் என்று தாய்லாந்தில் ஒரு கதை உண்டு. ஆனால் விடை பாதங்களில் இருக்கிறது. தாபிரின் பின்கால்களில் மூன்று விரல்கள். முன்கால்களில் நான்கு. குதிரைக்கு ஒவ்வொரு காலிலும் ஒரே விரல், காண்டாமிருகத்துக்கு மூன்று. இந்த மூன்று வகைகளும்தான் ஒற்றைப்படைக் குளம்பிகள் என்ற வரிசையில் இன்று எஞ்சியிருப்பவை. "ஆசிரியரே, நான்கு இரட்டைப்படை ஆயிற்றே?" என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நல்ல கேள்வி. இங்கே எண்ணிக்கையைவிட, உடலின் எடை எந்த விரலில் இறங்குகிறது என்பதே முக்கியம். நடுவிரலாகிய மூன்றாம் விரலில் எடை இறங்கினால் அது இந்த வரிசை. தாபிரின் முன்காலில் நான்காவதாக இருப்பது சிறிய பக்க விரல், சேற்று மண்ணில் மட்டும் நன்றாகப் பதியும்.

உலகில் தாபிருக்கு உறவுகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். மற்றத் தாபிர்கள் எல்லாம் மத்திய, தென் அமெரிக்காவில்! நடுவில் ஒரு பெருங்கடல். இவை நீந்திப் போகவில்லை. பழங்காலத்தில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தாபிர்கள் இருந்ததற்குப் புதைபடிவங்கள் சாட்சி. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் சைபீரியாவையும் அலாஸ்காவையும் இணைத்த தரைவழி இருந்தது. பிறகு நடுவில் இருந்தவை அழிந்தன, இரண்டு ஓரங்களில் இருந்தவை மட்டும் பிழைத்தன. ஆசிய ஓரத்தில் பிழைத்த ஒரே வகை நம்முடையது. தீபகற்ப மலேசியா, தாய்லாந்து, மியன்மார், சுமத்திரா ஆகிய இடங்களைத் தவிர வேறெங்கும் இது காட்டில் இல்லை. சபா, சரவாக்கில்கூட இல்லை.

பெரிய தாபிர் 300 கிலோ வரை, சில வேளை அதற்கு மேலும் இருக்கும். தோள் உயரம் ஒரு மீட்டர். அந்தக் குட்டைத் தும்பிக்கை மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டது. இளந்தளிர்களை வளைத்துப் பிடித்து வாய்க்குள் இழுக்க அது கை மாதிரி உதவுகிறது. பார்வை மந்தம், மோப்பமும் செவியும் கூர்மை. ஆற்றில் இறங்கினால் நன்றாக நீந்தும், அடியில் மண்ணில் கால் பதித்து நடக்கவும் செய்யும். இவ்வளவு பெரிய உடலிலிருந்து வரும் குரலோ பறவையின் சீழ்க்கை போல மெல்லியது. காட்டில் முதன்முறை கேட்பவர்கள் மரத்தின் மேலே பார்ப்பார்கள்.

காட்டில் தாபிரின் வேலை விதை பரப்புவது என்று பொதுவாக எழுதுவார்கள். நமக்குப் பக்கத்தில், செமினியில் உள்ள நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகத்தில் பணியாற்றிய அகிம்சா கம்போஸ் ஆர்சேஸ் தலைமையிலான குழு இதைச் சோதித்துப் பார்த்து 2012இல் கட்டுரை வெளியிட்டது. விதை பரப்புவதில் தாபிர் யானை ஆகாது என்பதே அந்தக் கட்டுரையின் தலைப்பு. சிறிய விதைகள் தாபிரின் வயிற்றைக் கடந்து முழுதாக வெளியே வருகின்றன. பெரிய விதைகளை அது விழுங்குவதில்லை, அல்லது அவை சிதைந்துவிடுகின்றன. எனக்குப் பிடித்த ஆய்வு இது. பாசத்துக்காக ஒரு விலங்குக்கு இல்லாத பெருமையைச் சேர்க்கவில்லை பாருங்கள். காட்டிலிருந்து யானை போனால் அந்த வேலையைத் தாபிர் செய்யும் என்று நாம் சும்மா இருக்க முடியாது.

இப்போது நிறத்துக்கு வருவோம். தலை, தோள், கால்கள் கறுப்பு. தோளுக்குப் பின்னாலிருந்து பின்புறம் வரை வெள்ளை. பகலில் பார்த்தால் இதைவிடக் கண்ணில் படும் நிறம் இருக்க முடியாது. ஆனால் தாபிர் நடமாடுவது பெரும்பாலும் இரவில். மங்கிய நிலவொளியில் கறுப்புப் பகுதிகள் இருளோடு கலந்துவிடும். மிச்சம் தெரிவது தலையும் காலும் இல்லாத ஒரு வெளிறிய உருண்டை. படுத்திருந்தால் பாறை போலத்தான் இருக்கும். புலியின் கண்ணுக்கு 'இது ஒரு விலங்கு' என்று காட்டும் உருவக்கோடு உடைந்துபோகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். குட்டியின் உத்தி வேறு. பிறக்கும்போது பழுப்பு உடலில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும். கால் முளைத்த தெம்பிக்காய் என்று சொல்லலாம். காட்டுத் தரையில் விழும் வெயில் புள்ளிகளுக்கு நடுவே அது மறைந்துவிடும். சில மாதங்களில் கோடுகள் மறைந்து கறுப்பு வெள்ளைக்கு மாறும்.

பல இலட்சம் ஆண்டுகள் புலியிடமிருந்து காப்பாற்றிய இந்த நிறம் கார் ஓட்டுநரிடமிருந்து காப்பாற்றவில்லை. புலிக்குத் தெரியாத உருவம் ஓட்டுநருக்கும் தெரிவதில்லை. காஜாங் சிரம்பான் நெடுஞ்சாலையான லெகாஸிலும் வேறு பல சாலைகளிலும் தாபிர் அடிபட்டு இறந்த செய்திகள் நம் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கின்றன.

படிவம் 4 மாணவர்கள் பேனாவை எடுங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். எதிரே ஏதோ இருக்கிறது என்று மூளை உணர்ந்து கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 37.5 மீட்டர் ஓடியிருக்கும். பிறகு காய்ந்த சாலையில் வேகம் விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வீதம் குறைகிறது என்று கொள்ளுங்கள். வேகத்தின் வர்க்கத்தை 14ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45 மீட்டர். மொத்தம் 82 மீட்டருக்கு மேல். காரின் தாழ்ந்த விளக்கு தெளிவாகக் காட்டுவதோ சுமார் 50 மீட்டர்தான். அதாவது தாபிர் கண்ணில் படும்போதே நேரம் கடந்துவிட்டது. இதையே 60 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள், விடை 45 மீட்டரை ஒட்டி வரும். ஒரு வேகத்தில் மோதல், இன்னொரு வேகத்தில் வெறும் திடுக்கிடல். 300 கிலோ உடல் மோதினால் காரில் இருப்பவர்களுக்கும் உயிர் ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் கணக்கு இன்னும் மோசம்.

தாபிர் ஏன் சாலைக்கு வருகிறது என்று சிலர் கோபப்படுகிறார்கள். உண்மையில் சாலைதான் தாபிரின் பாதைக்கு வந்தது. இது பழகிய தடத்திலேயே போய்வரும் விலங்கு. அந்தத் தடத்தைச் சிறுநீரால் அடையாளமிட்டு வைத்திருக்கும். காட்டின் குறுக்கே சாலையும் செம்பனைத் தோட்டமும் வீடமைப்புப் பகுதியும் வந்த பிறகும் அதன் மூக்கு பழைய தடத்தையே தேடுகிறது. குளுவாங்குக்கும் சிரம்பானுக்கும் வழி தெரியாமல் வந்ததல்ல அது.

ஒன்று செத்தால் என்ன, இன்னொன்று பிறக்காதா? தாய்த் தாபிர் ஏறத்தாழ 13 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். பூனை, எலிக் கணக்கு இங்கே செல்லாது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மலேசியத் தாபிரை அழியும் நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. உலகம் முழுவதிலும் வளர்ந்தவை 2,500க்கும் குறைவு என்பது அதன் மதிப்பீடு. உங்கள் பள்ளியில் எத்தனை மாணவர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தாபிர் முழுப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. வேட்டையாடவோ வளர்க்கவோ கூடாது. உலு சிலாங்கூரில் உள்ள சுங்கை டூசுன் மையத்தில் பெர்ஹிலித்தான் தாபிர்களைப் பராமரிக்கிறது. பகாங்கில் சுங்கை யூ பகுதியில் சாலையை உயரமான பாலமாகக் கட்டி, விலங்குகள் அடியில் கடந்து போக வழி விட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நூறு எச்சரிக்கைப் பலகைகளைவிட இப்படி ஒரு பாலம் மேல். பலகையை மனிதர்கள் வாசிக்க வேண்டும், பாலத்துக்கு அது தேவையில்லை. ஆனால் செலவு அதிகம் என்பதால் எல்லா இடத்திலும் வந்துவிடாது.

அதுவரை, இரவில் அந்த மஞ்சள் பலகை தெரிந்தால் காரை ஓட்டும் அப்பாவிடமோ அண்ணனிடமோ மேலே போட்ட 82 மீட்டர் கணக்கைச் சொல்லுங்கள். ஒரு தாபிர் சாலையைக் கடந்து போய்விட்டால் உடனே வேகம் எடுக்க வேண்டாம், பின்னால் குட்டி வரலாம். குட்டி தனியாக நின்றால் தூக்கி வர வேண்டாம், தாய் புதருக்குள் இருக்கக்கூடும். அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால் காரை விட்டு இறங்கி அருகே போகாமல், சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைக் குறித்துக்கொண்டு பெர்ஹிலித்தானுக்கு அழைத்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.